இரண்டு பேஜார்

எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எல்லோருமே ஸாரி சொல்லுவோம். அதற்குத்தான் சம்பளம். லைன் கிடைக்கவில்லை என்றால் ஸாரி, கிடைத்த லைன் பாதியில் அறுந்தால் ஸாரி, கூப்பிட்ட ஆள் அந்தப் பக்கம் வீட்டில் இல்லை என்றால் அதற்கும் ஸாரி. வாய் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை அடுத்த இணைப்பைப் போட்டுக்கொண்டிருக்கும், மனசு மத்தியானச் சாப்பாட்டில் இருக்கும். நான் அக்கா என்று கூப்பிட்ட ஒருத்திதான் அந்த வார்த்தையை நம்பிச் சொன்னவள்.

அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், தன் பெயரால் உனக்கு ஒரு வரி வீணாகிவிட்டதே என்று அதற்கும் வருத்தப்படக்கூடியவள்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. பெங்களூரிலிருந்து மெட்ராஸுக்கோ கோலாருக்கோ பேச வேண்டுமென்றால் எங்களிடம் ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டு, நாங்கள் திரும்பக் கூப்பிடும்வரை போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டிய காலம். சுவர் நீளத்துக்கு ஒரு போர்டு, அதன் முன்னால் வரிசையாக உயரமான நாற்காலிகள். எனக்கு அக்காவுக்குப் பக்கத்து நாற்காலி. நான் விவேக் நகர்க்காரி, இந்த ஊரிலேயே பிறந்தவள், வாய் கொஞ்சம் நீளம். அக்கா மெட்ராஸிலிருந்து கல்யாணமாகி நீலசந்திராவுக்கு வந்தவள், வாயே கிடையாது. வேண்டுமென்றேதான் எங்களை அடுத்தடுத்து உட்கார வைத்தார்கள் என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு.

அக்காவுக்குத் தெரிந்த கன்னடம் போர்டுக் கன்னடம். எண்கள் தெரியும். 'சொல்ப இரி' என்று கொஞ்சம் காத்திருக்கச் சொல்லத் தெரியும். அதற்கு மேல் யாராவது பேச ஆரம்பித்தால் என் பக்கம் தள்ளிவிடுவாள், ஒரு ஸாரியோடு. அந்த ஸாரி கூப்பிட்டவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

ஒரு தடவை சிவாஜி நகர் பஸ்ஸில் ஒரு தடியன் அவள் காலை நன்றாக மிதித்துவிட்டான். பூட்ஸ் கால். சுண்டுவிரல் நகம் கறுத்துப்போனது. அக்கா அவனை நிமிர்ந்து பார்த்து "ஸாரி" என்றாள். அவனும் பெரிய மனசு பண்ணி, "பர்வாகில்லா பிடிம்மா" என்று கன்னடத்தில் அவளை மன்னித்தான். எனக்கு வந்ததே கோபம்.

"ஏன்க்கா, மிதிச்சவன் அவன். நீ எதுக்கு ஸாரி சொல்றே?"

"அவன் கால் வைக்கிற எடத்துல என் கால் இருந்துச்சேடி" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரிக்க ஆரம்பித்தாள்.

அந்தச் சிரிப்பைச் சொல்லியாக வேண்டும். போர்டின் முன்னால் சிரிக்கக் கூடாது என்பது சட்டம். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டிருப்பவர்கள் யாராவது வாய்விட்டுச் சிரித்தால் அது நூறு மைல் தள்ளி எவர் காதிலாவது போய் விழும். அதனால் அக்கா சத்தமே இல்லாமல் சிரிக்கப் பழகியிருந்தாள். தோள் மட்டும் குலுங்கும். பழகிப் பழகி, பஸ்ஸிலும் வீட்டிலும்கூட அவளுக்கு அப்படித்தான் சிரிக்க வந்தது. என்னைக் கேட்டால் அந்த எக்ஸ்சேஞ்சிலேயே அதிகம் சிரித்தவள் அவள்தான். தன்னைப் பார்த்தே சிரித்துக்கொள்வாள்.

டூட்டிக்குப் பூ வைத்துக்கொண்டு வரமாட்டாள். வாசனை பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தலைவலி கொடுக்குமாம். பக்கத்தில் இருந்தது நான். எனக்குப் பூ என்றால் உயிர் என்று ஒருநாள் சொன்னேன். மறுநாள் ஒரு முழம் மல்லிகை வாங்கி வந்து என் தலையில் வைத்துவிட்டாள். தன் தலையில் வைத்துக்கொள்ளவில்லை. போனில் கூப்பிடுகிறவர்களில் சிலர், "அந்த ஸாரி அம்மா இருக்காங்களா?" என்று கேட்பார்கள். கெட்ட செய்தியை எதிர்பார்த்துப் பதறிக்கொண்டிருக்கிறவர்களுக்கு அந்தக் குரல் வேண்டியிருந்தது. அவளுடைய அந்தக் குணத்தை யாரும் ஒரு குறையாக நினைக்கவில்லை. நானும் இன்றுவரை அப்படி நினைக்கவில்லை.

ஒரு மழைக்காலத்தில் அல்சூரிலிருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டார். கோலார் தங்கவயலில் மகன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றார். புயல் காற்றில் வழியெல்லாம் மரம் விழுந்து லைன் செத்துக் கிடந்தது. அக்கா தன் டூட்டி முடிந்தும் எழுந்து போகாமல் முயற்சி செய்துகொண்டே இருந்தாள். லைன் மறுநாள் காலையில்தான் உயிர் பெற்றது. அதற்குள் மகன் போய்விட்டான். அந்தப் பெரியவர் எப்படிப்பட்ட மனுஷர் என்றால், ஒரு வாரம் கழித்து அவரே அக்காவைக் கூப்பிட்டு, "நீ என்னம்மா பண்ணுவே, மழை" என்று சொன்னார். அக்கா அதைக் கேட்டுக்கொண்டாள். ஒத்துக்கொள்ளவில்லை.

அந்த மழையிலிருந்துதான் அக்கா மாறினாள் என்று ஆபீஸில் எல்லோரும் சொன்னார்கள். சொல்வதற்கு வசதியாக இருந்தது. ஆனால் அதற்கு முன்பே அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் வீட்டுக்கு எடுத்துப்போக ஆரம்பித்திருந்தாள். விடிவதற்கு ரொம்ப முன்னாலேயே விழிப்பு வந்துவிடுகிறது, அப்போது நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது என்று சொல்லியிருந்தாள். மெலிந்துகொண்டே வந்தாள். ரவிக்கைத் தையலைப் பிரித்து உள்ளே இழுத்துத் தைத்துக்கொண்டாள்.

ஒருநாள் பக்கத்தில் அவள் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். அப்பாடா, ரொம்ப நாள் கழித்து அக்கா சிரிக்கிறாள், என்ன ஜோக் என்று கேட்கலாம் என்று குனிந்து முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு இல்லை. கண்ணீர் வாய்க்கு முன்னாலிருக்கும் குழலில் விழாமல் இருக்கத் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, குரல் கொஞ்சம்கூடப் பிசகாமல், "நம்பர் ப்ளீஸ்" என்றாள். பின்னாலிருந்து பார்க்கிற எவருக்கும் அவள் சிரிப்பதும் அழுவதும் ஒன்றுபோலத்தான் தெரிந்திருக்கும்.

அவள் வீட்டுக்காரர் அச்சாபீஸில் வேலை செய்தார். நல்ல மனுஷர், குடி கிடையாது, கைநீட்டல் கிடையாது. ஒருநாள் அவளை அழைத்துப்போக வந்தவரிடம் நான் தனியாகக் கேட்டேன்.

"அவ சுபாவமே அப்படித்தாம்மா" என்றார். "தாலி கட்டினப்ப எங்க அக்கா மூணாவது முடிச்சு போட்டாங்க. அதுல இவ முடி சிக்கிக்கிச்சு. வலிச்சது இவளுக்கு. ஸாரி சொன்னதும் இவதான். அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

அவர் அதை ஆசையாகத்தான் சொன்னார். எங்கள் சூப்பர்வைசர் ஆங்கிலோ இந்தியப் பெண்மணி. அவரும் சிலர் பிறக்கும்போதே தோல் மெல்லியதாகப் பிறந்துவிடுகிறார்கள் என்று அதையேதான் வேறு மாதிரி சொன்னார். ஒருவரின் குணத்துக்கு ஒரு பெயர் வைத்துவிட்டால் அப்புறம் ஆளைப் பார்க்கவே தேவையில்லை, பெயரைப் பார்த்தால் போதும் என்று ஆகிவிடுகிறது. சாப்பிடவில்லையா, அவள் அப்படித்தான். அழுகிறாளா, அவள் அப்படித்தான். எல்லோருக்கும் அவளைத் தெரிந்திருந்தது, அதனால் யாரும் கேட்கவில்லை.

இதை எல்லோரையும்விட அதிகமாக நம்பியவள் அக்காதான்.

"இத்தினி நாளா நீங்கல்லாம் என்னைப் பொறுத்துக்கினு இருந்திருக்கீங்க" என்றாள் ஒருநாள் சாப்பாட்டு அறையில். "இப்பத்தாண்டி என்னை நானே தெரிஞ்சுக்கினேன்."

அவள் அதை எவ்வளவு நிதானமாகச் சொன்னாள் தெரியுமா? ஒரு மனுஷி கண்ணாடியைத் துடைத்துவிட்டு முதல்தடவையாகத் தன் முகத்தைப் பார்க்கிற மாதிரி. எனக்குப் பயமாக இருந்தது. அழுதிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்கமாட்டேன்.

அப்புறம் அவள் லீவு போட்டாள். லீவு நீண்டுகொண்டே போனது. எனக்கு வாராந்திர ஓய்வு வந்த ஒரு காலையில் நீலசந்திராவில் அவள் வீட்டுக்குப் போனேன். ஒரு சந்து, வரிசையாக ஓட்டு வீடுகள், நடுவில் பொதுக் குழாய். வாசல்படியில் அவள் மகள் கௌரி உட்கார்ந்திருந்தாள். ஒண்ணாவது படிக்கிற குழந்தை. தலை பின்னவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை.

"அம்மா தூங்கறாங்களா கௌரி?"

"இல்ல ஆன்ட்டி. சும்மா இருக்காங்க." கிசுகிசுவென்றுதான் பேசினாள். பிறகு, நான் கேட்காமலே, "நான் சத்தமே போடல" என்றாள்.

உள்ளே அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், அதற்கு ஒரு ஸாரி சொன்னாள். காப்பி போட்டுத் தரவில்லையே என்று இன்னொன்று. அடுப்பு பற்ற வைத்ததாகவே தெரியவில்லை. நானே போய்க் காப்பி போட்டேன். டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, ரொம்ப நாள் யோசித்து முடிவெடுத்த விஷயத்தைச் சொல்கிறவள் போலச் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை ஆம்பூர்லேந்து அண்ணி வராங்க. கௌரிய இட்டுனு போறாங்க."

அண்ணி என்றது அவள் வீட்டுக்காரரின் அக்காவை. கல்யாணத்தில் முடிச்சுப் போட்டவர். பிள்ளை குட்டி இல்லாதவர்.

"லீவுக்கா?"

"இல்லடி. அங்கியே ஸ்கூல்ல சேத்துடுவாங்க. அங்கியே வளரட்டும்."

"ஏன்க்கா? உனக்குப் பைத்தியமா?" வாய் தவறி வந்துவிட்டது.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "நான் தொட்டது எதுவும் நல்லா வரல. என் மூஞ்சியப் பாத்துக்கினே அது வளர வேணாம். என்னை மாதிரியே ஆயிடும்."

"சரி, அவ போயிட்டா நீ என்ன பண்ணுவே?"

"அதுக்கப்புறம் எனக்கு ஒரு வேலையும் இல்லடி" என்றாள்.

அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கேட்கவும் தேவையில்லை. குழந்தையை ஒரு பத்திரமான கையில் கொடுத்துவிட்டு அவள் எங்கே கிளம்பத் தயாராகிறாள் என்று புரிந்தது. புடவையை மாற்று என்றேன். எங்கே என்று கேட்டாள். உடம்பு இளைத்திருக்கிறது, டாக்டரிடம் காட்டலாம் என்றேன். மறுக்கிற அளவுக்கு அவளுக்குத் தெம்பு இல்லை. கௌரியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, முனையில் நின்ற ஜட்காவில் அவளை ஏற்றினேன்.

எங்கள் வீட்டுக்கு வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ரிச்மண்ட் டவுனில் இருந்தார். கன்னடக்காரர். தமிழ் பேசுவார், ஆனால் நடுநடுவே கன்னடம் வந்து உட்கார்ந்துகொள்ளும். நாக்கை நீட்டச் சொன்னார், கண்ணை இழுத்துப் பார்த்தார், நாடி பிடித்தார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார்.

"பேஜாரு இருக்காம்மா?"

அக்கா பதறிப்போனாள். "ஐயோ, இல்ல டாக்டர். எங்க வீட்ல எல்லாரும் நல்லவங்க. எனக்கு யாராலயும் பேஜாரில்ல. நான்தான் அவங்களுக்குப் பேஜாரு."

டாக்டர் புன்னகை செய்தார். பேஜாரு இல்லை என்று எழுதிக்கொண்டு, ரத்தம் குறைவாக இருக்கிறது, டானிக் தருகிறேன் என்றார். அக்கா டானிக்குக்கு நன்றி சொல்லி எழுந்தேவிட்டாள்.

இந்த ஊரில் பிறந்த என்னைப் போன்றவர்களுக்கு இரண்டு பேஜாரும் தெரியும். மெட்ராஸ் பக்கத்தில் பேஜார் என்றால் தொல்லை. பேஜார் பண்ணாதே என்று பிள்ளைகளை விரட்டுவோமே, அது. கன்னடக்காரர்களுக்கு அதே வார்த்தை வேறு. மனசு வாடிப்போவது, எதிலும் பிடிப்பில்லாமல், சும்மா உட்கார்ந்திருப்பதே பாரமாக இருப்பது. டாக்டர் கேட்டது அதை. அக்கா பதில் சொன்னது மெட்ராஸ் பேஜாருக்கு. மனசு வாடியிருக்கிறதா என்று அவர் கேட்க, யாரும் தொல்லை தரவில்லை, நான்தான் தொல்லை என்று அவள் சொல்லியிருக்கிறாள்.

"டாக்டர், எழுதாதீங்க" என்றேன். கன்னடத்தில் அவருக்கு விளக்கினேன். அவர் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். அக்காவை மறுபடி உட்காரச் சொல்லி, தமிழ் வார்த்தை தேடினார்.

"துக்கம் இருக்கா?"

"துக்கமா? வீட்ல யாரும் சாகலியே டாக்டர்."

"கவலை?"

"அது எல்லாருக்கும் இருக்கே."

"வருத்தம்?"

அக்கா யோசித்தாள். "அது போன்ல சொல்றது" என்றாள்.

டாக்டருக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. எனக்கும்தான். பேசிப் பேசியே பிழைக்கிறவள் நான், எனக்கே கிடைக்கவில்லை. கடைசியில் நான் அக்காவிடம் திரும்பி, அவர் கேட்கிற பேஜார் வேறு, இது இதுதான் என்று சொன்னேன். விடியுமுன் வருகிற விழிப்பு, நெஞ்சில் உட்காருகிற பாரம், சோறு மண்ணாக இருப்பது, குழந்தை பக்கத்தில் வந்தாலும் எட்டத்தில் இருப்பது போலத் தோன்றுவது. அவள் எனக்குச் சொன்னதையெல்லாம் அவளிடமே திருப்பிச் சொன்னேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்குப் பேரு இருக்கா?" என்றாள்.

"இருக்கும்மா" என்றார் டாக்டர். "பேஷண்ட் நிறைய பேரு இதே சொல்றாங்க."

"இது என் சுபாவம் டாக்டர்."

அவர் என்னிடம் கேட்டார். "இவங்க முன்னாடி எப்படி?" நான் பஸ்ஸில் காலை மிதித்தவனிடம் ஸாரி சொன்ன கதையைச் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அப்போது அக்கா என்ன செய்தாள் என்று கேட்டார். சிரித்தாள் என்றேன். இப்போது சிரிக்கிறாளா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"ஸாரி சொல்றது நிம்ம சுபாவம். அது முதல்லேருந்து இருக்கு. அப்ப சிரிப்பும் இருந்துது" என்றார் அக்காவிடம். "இது ஆமேலே வந்தது. அப்புறம் வந்தது சுபாவம் இல்லம்மா, காயிலை, வியாதி. ஜொரம் வந்தா, முன்கோபிக்கு முன்கோபமா வரும், அழற குழந்தைக்கு அழுகையா வரும். உங்களுக்கு ஸாரியா வந்திருக்கு."

மனசு வியாதிக்குப் பார்க்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். டானிக்கும் கொடுத்தார். வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனசில்லை.

ஜட்காவில் அக்காவோடு திரும்பினேன். குதிரை எங்கோ ஒரு மேட்டில் திணறிக்கொண்டு ஏறும்போது, தனக்குத்தானே சொல்லிப் பார்க்கிறவள் மாதிரி, "எனக்குப் பேஜாரு" என்றாள். கொஞ்சம் கழித்து, "நான் பேஜாரு இல்ல. எனக்குப் பேஜாரு. அப்படியாடி?" என்றாள்.

"ஆமாங்க்கா."

ஒரு 'க்கு'தான் வித்தியாசம். அந்தச் சின்ன 'க்கு'வுக்கு உள்ளே அவளுக்கு நிற்க இடம் இருந்தது.

அந்த ஆஸ்பத்திரி என்றதும் வீட்டுக்காரர் பயந்துவிட்டார். "அந்த ஸ்டாப்பிங் பேரச் சொல்லி டிக்கெட் கேட்டாலே கண்டக்டர் ஒரு மாதிரி பாக்கறாம்மா. நாளைக்குக் கௌரிக்கு ஒரு வரன் வந்தா?" என்றார். நானும் சும்மா விடவில்லை. கௌரிக்கு வரன் வரும்போது அவள் அம்மா இருக்க வேண்டாமா என்று கேட்டுவிட்டேன். மனுஷர் வாசலில் போய் நின்றுகொண்டு அழுதார். இத்தனை நாள் சுபாவம் என்று நினைத்தேனே என்று சொல்லிச் சொல்லி அழுதார். அடுத்த நாள் அச்சாபீஸுக்கு மட்டம் போட்டுவிட்டு அவரே அவளை அழைத்துப் போனார். மாத்திரை கொடுத்தார்கள். பலன் தெரியக் கொஞ்ச நாள் ஆகும், அதுவரை தனியாக விடவேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அதற்குள் வந்துவிட்டது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். மாத்திரை இன்னும் வேலை செய்ய ஆரம்பிக்கவில்லை. அக்காவின் உடம்பும் மனசும் முந்தின வாரம் எப்படிக் கிடந்தனவோ அப்படியேதான் கிடந்தன. அவள் கையில் இருந்தது ஒரு வார்த்தை மட்டுமே. ஞாயிற்றுக்கிழமை நீயும் வாடி, பக்கத்தில் இரு என்று சொல்லி அனுப்பியிருந்தாள். சர்ச்சில் பூசை முடிந்ததும் முக்காட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு நேராக அங்கே போனேன்.

ஆம்பூர் அண்ணி தகரப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். கட்டுமஸ்தான மனுஷி, கணீரென்ற குரல். கௌரிக்குப் புதுசாக இரண்டு கவுன் தைத்துக்கொண்டு வந்திருந்தார். ஒன்றைப் போட்டுக்கூடப் பார்த்தாகிவிட்டது. கௌரி அந்தப் புதுக் கவுனோடு கதவோரம் நின்று, யார் முகத்தையும் பார்க்காமல், பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, புள்ள துணிமணியெல்லாம் எடுத்து வெச்சிட்டியா? மத்தியான வண்டிக்குத் தண்டு ஸ்டேஷன் போவணும்" என்றார் அண்ணி.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"அண்ணி, கௌரி வரல."

"ஏன்?"

"எனக்கு உடம்பு சரியில்ல."

"அதுக்குத்தானேம்மா நான் இட்டுனு போறேன்?"

நான் அக்கா பக்கத்தில் போனேன். அவள் என்னைத் தொடவில்லை, தானாகவே நின்றாள். "உடம்பு சரியில்லாதவ வீட்ல புள்ள இருக்கலாம் அண்ணி. கெட்டவ வீட்லதான் இருக்கக் கூடாது. நான் கெட்டவன்னு நெனச்சுதான் உங்கள வரச் சொன்னேன்."

வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணி அக்காவை மேலும் கீழும் பார்த்தார். இவ்வளவு தூரம் வரவழைத்துவிட்டு இப்படிச் சொல்கிறாளே என்று கத்தப்போகிறார் என்றுதான் நினைத்தேன், அதற்கு வேண்டிய பதிலையும் வாயில் தயாராக வைத்திருந்தேன். அந்த அம்மாள் எழுந்து, தகரப் பெட்டியைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

"அப்ப நான் இருக்கேன்" என்றார். "இன்னிக்கு என்ன சமையல்? வீட்ல பருப்பாவது இருக்கா?"

தீபாவளி வரைக்கும் இருந்தார். அவர் கையால் சாப்பிட்டு நாங்கள் எல்லோருமே ஒரு சுற்றுப் பெருத்தோம்.

அக்கா மறுபடி போர்டுக்கு வந்தாள். இனிமேல் அந்த ஸாரி நின்றுவிடும் என்று நான் எதிர்பார்த்தேன். நிற்கவில்லை. வந்த முதல் நாளே, இவ்வளவு நாள் என் வேலையையும் நீ பார்த்தாயே என்று எனக்கு ஆரம்பித்து, நாற்காலி வரிசை முழுக்க ஒரு சுற்று ஸாரி சொல்லி முடித்தாள். கொஞ்ச நாளில் தோளும் குலுங்க ஆரம்பித்தது. நான் ஒவ்வொரு தடவையும் குனிந்து முகத்தைப் பார்ப்பேன். சிரிப்புதான். பார்த்துவிட்டு நிமிர்வேன்.

ஆனால் இது ஒரேயடியாகத் தீர்ந்துபோன கதை இல்லை. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அது திரும்ப வந்தது. ஒருமுறை ரொம்ப மோசமாக வந்து பல வாரம் ஆஸ்பத்திரியிலேயே இருந்தாள். அப்போது போய்ப் பார்த்த என்னை அவளுக்கு அடையாளம் தெரிந்ததா என்றுகூட எனக்குச் சந்தேகம். வித்தியாசம் என்னவென்றால், அது வரும்போது அவளே கண்டுகொள்வாள். சாப்பாட்டு டப்பா கனக்க ஆரம்பித்ததும் என் பக்கம் திரும்பி, ஜலதோஷம் பிடித்திருக்கிறது என்று சொல்கிற குரலில், "பேஜாரு வந்திருக்குடி" என்பாள். அன்றைக்கே சீட்டை எடுத்துக்கொண்டு அந்த பஸ்ஸில் ஏறுவாள். ஸ்டாப்பிங் பெயரை உரக்கச் சொல்லித்தான் டிக்கெட் வாங்குவாள். ஒருதடவை நான் கேலியாக, "உன் ஸாரிக்கும் ஒரு மாத்திரை கேக்கறதுதானேக்கா" என்றேன். "ஸாரி என்னோடது. பேஜாரு என்னோடது இல்ல" என்றாள். கேலிக்குக் கேலியாகச் சொல்லவில்லை. அவள் தன்னைப் பற்றி உறுதியாக ஒன்று சொல்லி நான் கேட்டது அதுதான்.

அக்கா போய் ரொம்ப நாளாகிறது. வயசாகி, படுத்து, எல்லோரையும் போலச் சாதாரணமாகப் போனாள். எனக்கு அது பெரிய ஆறுதல்.

சமீபத்தில் கௌரி என்னைப் பார்க்க வந்திருந்தாள். அவள் தலையும் நரைத்துவிட்டது. பழசெல்லாம் பேசிக்கொண்டிருந்தோம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. ரொம்ப நாளாக மனசில் இருந்ததைக் கேட்டேன். அன்றைக்கு ஆம்பூருக்கு அனுப்பாமல் இங்கேயே வைத்துக்கொண்டது சரிதானா, அம்மா அப்படிக் கிடக்கிறபோதெல்லாம் சின்னப் பிள்ளையாக நீ என்ன பாடுபட்டிருப்பாய் என்றேன்.

"ஒவ்வொரு தடவையும் அது வரப்போ அம்மா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்துல உக்கார வெப்பாங்க ஆன்ட்டி. பேசவே முடியாது அவங்களால. ஆனா இதை மட்டும் சொல்லிடுவாங்க. 'கௌரி, அம்மாவுக்குப் பேஜாரு வந்திருக்கு. உன்னால வரல. நீ சமத்தா இருந்தா போயிடும்னும் இல்ல. அது வரும், போவும். நீ போய் வெளையாடு.'"

"நீ என்ன பண்ணுவே?"

"போய் வெளையாடுவேன் ஆன்ட்டி" என்றாள். "நல்லா சத்தம் போட்டு வெளையாடுவேன்."